கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை

நாக்பூருக்கு நம்மவர்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்தை நம்பித்தான். ரயில்வே, தபால் இலாகா, ஏ.ஜி. ஆபீஸ், அம்பாஜரி ஆர்டினன்ஸ் ஃபாக்டரி என்று எங்காவது ஓர் உத்தரவு கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஹோல்டாலுமாக ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் நம்மில் பலர். ஆகவே சம்பளக் கமிஷன், பஞ்சப்படி, பென்ஷன் என்ற வார்த்தைகள் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கமானவை. முதல் தேதி சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் நாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டாம் தலைமுறையாக அதே இலாகாக்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்விகள் நாங்கள் கேட்டவை அல்ல. "மாமா, யு.பி.எஸ்ஸா, என்.பி.எஸ்ஸா, எதில் கையெழுத்துப் போடட்டும்?" என்று கடந்த ஓராண்டில் என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிப்ளமோ இன்ஜினியர், கணக்காயர் அல்ல. 1981-ல் 425-700 ஸ்கேலில் பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்து, 2019-ல் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். பழைய பென்ஷன் வாங்குகிறவன். ஆனாலும் என்னிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் புதிய பென்ஷன்காரர்கள் என்பதால், அவர்களுடைய விண்ணப்பங்களைப் படித்துப் படித்து எனக்கும் கொஞ்சம் பாடமாகிவிட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய சர்க்கார் வேலைக்கு வந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, பழைய பென்ஷன் கிடையாது என்று ஆயிற்று. அதற்குப் பதில் என்.பி.எஸ். சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 10 சதவீதம் ஊழியர் போட வேண்டும். சர்க்காரும் 10 போடும். 2019 ஏப்ரலிலிருந்து சர்க்கார் பங்கு 14 ஆயிற்று. அந்தப் பணம் பங்குச் சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் போய் உட்காரும். ஓய்வு பெறும்போது சேர்ந்திருப்பதில் குறைந்தது 40 சதவீதத்தைக் கொடுத்து ஆன்யூட்டி வாங்க வேண்டும். மிச்சம் கையில் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு டிராக்மேனுக்குக் கடைசியில் 40 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 லட்சம் ஆன்யூட்டிக்குப் போகிறது. ஆண்டுக்கு ஆறரை சதவீதம் கிடைத்தால் மாதம் 8,600 ரூபாய் சொச்சம். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. இன்றைக்கு 8,600 என்றால் இருபது வருஷம் கழித்தும் 8,600தான். கையில் வந்த 24 லட்சம் இருக்கிறதே என்பார்கள். அது எத்தனை நாள் இருக்கும் என்பது ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்து, ஊரில் ஒரு வீட்டுக்கு மாடி எடுத்த எவருக்கும் தெரியும்.

இருபது வருஷக் கூச்சலுக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அமைச்சரவை யு.பி.எஸ்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அமல். 25 வருஷம் சர்வீஸ் போட்டவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி, அதன் மேல் பஞ்சப்படி நிவாரணம். 25-க்குக் குறைந்தால் விகிதப்படி குறையும். 10 வருஷமாவது இருந்தால் குறைந்தபட்சம் மாதம் 10,000. ஊழியர் பங்கு அதே 10 சதவீதம். சர்க்கார் பங்கு 18.5. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விருப்பம் தெரிவிக்க முதலில் 2025 ஜூன் 30 என்றார்கள், பிறகு செப்டம்பர் 30 என்றார்கள், பிறகு நவம்பர் 30 என்றார்கள். இரண்டு முறை தேதி தள்ளியும், சுமார் 23 லட்சம் பேருக்குப் பயன் என்று சொல்லப்பட்ட திட்டத்தில் பத்தில் ஒரு பங்கினர்கூடச் சேரவில்லை.

டெல்லியில் இருப்பவர்கள் இதைப் பார்த்து, "இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி இல்லை" என்று சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ரயில்வேக்காரனுக்கு 'ஆப்ஷன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது.

ரயில்வேயில் ஆதியில் பென்ஷனே கிடையாது. பிராவிடண்ட் ஃபண்டுதான், நீ பாதி, நிர்வாகம் பாதி. 1957 நவம்பரில்தான் பென்ஷன் திட்டம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது கட்டாயம். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஆப்ஷன். அடுத்த முப்பது வருஷத்தில் பத்து முறைக்கு மேல் இந்த ஆப்ஷனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் ஃபண்டிலேயே இருந்துவிட்டார்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த இன்ஸ்பெக்டர் அப்படி ஒருவர். தென்னாற்காட்டுக்காரர். இரும்புத் தராசு மாதிரி கணக்குப் போடுகிற மனிதர். ஒரு ஸ்லீப்பர் கணக்கில் குறைந்தால் ராத்திரி தூங்கமாட்டார். "ஒரே தொகையாகக் கையில் வந்தால் இரண்டு பெண்களையும் கரையேற்றிவிடலாம், மாதம் நூற்றுச் சில்லறைப் பென்ஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்பது அவருடைய வாதம். அன்றைய விதிகளின்படி அந்தக் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகு ஆட்டத்தின் விதிகள் மாறின. பென்ஷனுக்குப் பஞ்சப்படி நிவாரணம் ஏறிக்கொண்டே போயிற்று. குடும்பப் பென்ஷன் தாராளமாயிற்று. ஒவ்வொரு சம்பளக் கமிஷனும் பென்ஷனைத் தூக்கிவிட்டது. ஃபண்டுக்காரருக்கு இவை எதுவும் இல்லை. எங்களுக்கும் பென்ஷன் கொடுங்கள் என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1990 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், கிருஷ்ணகுமார் வழக்கில், ஃபண்டில் போனவர்களும் பென்ஷனில் போனவர்களும் ஒரே வகுப்பு அல்ல என்று சொல்லிவிட்டது. பிற்காலத்தில் கருணைத்தொகை என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது. என் குருநாதர் கடைசிக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவருக்குக் கீழே இருந்த கலாசி, பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன், அவரைவிட நிம்மதியாக இருந்தான்.

ஆகவே, இன்றைய இளைஞன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறான் என்றால் அது பேராசை அல்ல. கையெழுத்து அவனுடையது, பிறகு விதியை மாற்றும் பேனா வேறொருவர் கையில். இந்த ஒரு விஷயத்தைத்தான் அவன் பயப்படுகிறான்.

யு.பி.எஸ்ஸை ரயில்வேக்காரன் கண்ணோடு பார்த்தால் சில இடங்களில் பொருத்து இடைவெளி சரியாக இல்லை. 25 வருஷக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைநிலை வேலைக்கு ரயில்வேயே 33 வயது வரை ஆளெடுக்கிறது. பிற்பட்ட வகுப்பினருக்கு மேலும் 3 வருஷம் சலுகை. 36 வயதில் டிராக்மேனாகச் சேர்கிறவன் 60-ல் ஓய்வு பெறும்போது அவனுடைய சர்வீஸ் 24 வருஷம். ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தாலும் அவனுக்கு 50 சதவீதம் வராது, 48தான். கடைசிச் சராசரி 40,000 என்றால் 20,000 அல்ல, 19,200. வித்தியாசம் 800 ரூபாய்தானே என்று கேட்கலாம். வயதுச் சலுகையை ஒரு கையால் கொடுத்து, இன்னொரு கையால் பென்ஷனில் பிடிப்பது என்ன நியாயம்? பழைய பென்ஷனில் ஒரு காலத்தில் 33 வருஷம் கேட்டார்கள். ஆறாவது சம்பளக் கமிஷன் அதை எடுத்துவிட்டது. எடுத்த முளையை மறுபடி அடித்திருக்கிறார்கள்.

ஊழியர்கள் அதிகம் முணுமுணுப்பது இன்னொன்றைப் பற்றி. பழைய முறையில் நான் என் ஜி.பி.எஃப். பணத்தை வட்டியோடு முழுசாக எடுத்துக்கொண்டு, பென்ஷனும் வாங்கினேன். யு.பி.எஸ்ஸில் ஊழியர் முப்பது வருஷம் போட்ட 10 சதவீதம் பென்ஷனுக்கு ஈடாகப் போய்விடும். 60 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த விகிதத்துக்குப் பென்ஷன் குறையும். கையில் தனியாக வருவது, ஒவ்வோர் ஆறு மாத சர்வீஸுக்கும் ஒரு மாதச் சம்பளம், பஞ்சப்படியில் பத்தில் ஒரு பங்கு. 24 வருஷத்துக்கு ஐந்து மாதச் சம்பளம்கூடத் தேறாது. கிராஜுவிட்டி வேறு உண்டு என்பது ஆறுதல்.

இடையில் விருப்ப ஓய்வு வாங்குகிறவர் பாடு இன்னும் மோசம். 25 வருஷம் முடித்து 52 வயதில் முதுகு வலி தாங்காமல் ஒரு கீமேன் விருப்ப ஓய்வு வாங்குகிறான் என்றால், அவனுக்கு மாதப் பணம் 60 வயதாகும் நாளிலிருந்துதான். நடுவில் எட்டு வருஷம் அவன் என்ன சாப்பிடுவான்? மேஜையில் உட்கார்ந்து எழுதியவர்கள் மேஜை வேலையை நினைத்து எழுதியிருக்கிறார்கள். தினம் செக்ஷன் முழுவதும் தோளில் ஸ்பேனரும் சுத்தியலுமாக நடந்து சாவிகளைத் தட்டிப் பார்க்கிறவனின் முழங்கால் 60 வரை தாங்குமா என்று எந்தக் கமிட்டியும் ஒருநாள் கூட நடந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி குடும்பப் பென்ஷன். இதை வீட்டுப் பெண்மணிகளும் படிக்க வேண்டும். யு.பி.எஸ்ஸில் ஓய்வுக்குப் பிறகு ஊழியர் காலமானால், அவர் வாங்கியதில் 60 சதவீதம் மனைவிக்கு. பாதியில் 60 என்றால் சம்பளத்தில் 30. பழைய குடும்பப் பென்ஷனும் அதே 30தான். 'அறுபது' என்று சொல்லும்போது பெரிதாகக் கேட்கிறது, அவ்வளவே. பழைய முறையில் முதல் ஏழு வருஷம், அல்லது இறந்தவருக்கு 67 வயதாகியிருக்கக்கூடிய நாள் வரை, சம்பளத்தில் பாதி வரும். அது இங்கே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பணம் ஓய்வு பெறும் தேதியில் சட்டப்படி மனைவியாகவோ கணவராகவோ இருப்பவருக்கு மட்டும்தான். அவருக்குப் பின் யாருக்கும் இல்லை. பழைய விதிகளில் கல்யாணமாகாத பெண், விதவையான பெண், விவாகரத்தான பெண், தானே சம்பாதிக்க முடியாத ஊனமுற்ற பிள்ளை ஆகியோருக்கும் நிபந்தனைகளோடு குடும்பப் பென்ஷன் உண்டு. நம் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் அப்படி ஒரு பெண் அப்பாவின் பென்ஷனில் மானமாகச் சாப்பிடுகிறாள் என்பது இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்; நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் வீட்டில் அன்னியமாக நிற்காமல், அம்மாவோடு இருந்த அதே இரண்டு அறையில் சொந்தக் காசில் பால் வாங்குகிறாள் என்றால் அது அந்த விதியால்தான். புதிய திட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பெண்ணை மறந்துவிட்டார்கள். சம்பளச் சதவீதத்தைப் பற்றிய சண்டையெல்லாம் அப்புறம். தொழிற்சங்கங்கள் முதலில் இதற்காக நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனால் கதை வேறு. இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2013-ல், நான் வேலை பார்த்த ஒரு செக்ஷனில், மழைக்கால ரோந்தில் ஒரு டிராக்மேன் வண்டியில் அடிபட்டு இறந்தான். சர்வீஸ் ஆறு வருஷம். என்.பி.எஸ்.காரன். இருபத்தேழு வயது மனைவி, கையில் ஒரு குழந்தை. அவளுக்குப் பென்ஷன் கிடையாது, கணக்கில் சேர்ந்த இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் என்று ஆபீஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த ஒரு வயதான வெல்ஃபேர் இன்ஸ்பெக்டருக்குத்தான் 2009-ம் வருஷத்து உத்தரவு ஞாபகத்தில் இருந்தது: என்.பி.எஸ். ஊழியர் பணியில் இறந்தாலும், உடல் செயலிழந்து வேலையை விட்டாலும், பழைய விதிப்படி பென்ஷன் கொடுக்கலாம் என்பது. அந்தக் காகிதத்தை அவர் தேடி எடுத்தார். நானும் அவரும் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு மூன்று தடவை போனோம். குமாஸ்தா அதைப் பார்த்ததே இல்லை என்றார். எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் கிடைத்தது. அந்த இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே ரிடையராகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பின்னால் 2021 மார்ச்சில் இது முறையான விதியாகவே வந்துவிட்டது. ஒவ்வொரு என்.பி.எஸ். ஊழியரும், தான் பணியில் இறந்தால் குடும்பத்துக்குப் பழைய விதிப்படி பென்ஷன் வேண்டுமா, என்.பி.எஸ். கணக்கில் உள்ளது வேண்டுமா என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். யு.பி.எஸ்ஸுக்குப் போனவர்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு என்று 2025 ஜூனில் உத்தரவு வந்தது. உங்கள் வீட்டில் 2004-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளையோ பெண்ணோ மருமகனோ இருந்தால், இன்று சாயங்காலம் அவர்களிடம் கேளுங்கள்: "அந்தப் படிவம் கொடுத்தாயா? நகல் எங்கே?" நல்ல நாளில் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

காகிதத்தைப் பாதுகாப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்னொரு சங்கதி. 2023 மார்ச்சில் ஓர் உத்தரவு வந்தது: 2003 டிசம்பர் 22-க்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட வேலைக்கு விண்ணப்பித்து, தாமதத்தால் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய பென்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம், ஆகஸ்ட் 31-க்குள் கேட்க வேண்டும் என்று. எங்கள் காலனிப் பையன் ஒருவன் 2003-ல் வெளிவந்த எம்ப்ளாய்மென்ட் நியூஸ் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை அவன் அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்திருந்தான். இருபது வருஷம்! ஒரே நாளில் விண்ணப்பம் போட்டான். அவனுடைய நண்பன் நோட்டீஸ் பலகையையே செப்டம்பரில்தான் பார்த்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். நம் சங்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "நான் விடிகாலை நாலு மணிக்கு மாவு கரைக்கிறேன். எனக்கு யார் பென்ஷன் கொடுக்கிறார்கள்? என் வரிப்பணத்தில் உங்களுக்கு எதற்கு ஆயுசு முழுக்கச் சம்பளம்?" நியாயமான கேள்வி. ரயில்வேயில் இன்று வேலை பார்ப்பவர்களைவிடப் பென்ஷன் வாங்குகிறவர்கள் அதிகம். அந்தப் பென்ஷனை ரயில்வே தன் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட்டிலும் சரக்குக் கட்டணத்திலும் வருகிற பணம் அது. புதிய பாதைக்கும் சிக்னலுக்கும் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு எங்களைப் போன்ற கிழங்களுக்கு வருகிறது என்பதை மறைக்கக்கூடாது. பழைய பென்ஷனை அப்படியே எல்லோருக்கும் கொடுத்துவிடு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. 2023 மார்ச்சில் நம் மாநில ஊழியர்கள் "ஏகச் மிஷன், ஜுனி பென்ஷன்" என்று ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது ஆஸ்பத்திரியில் அலைந்தவர்கள் சாதாரண ஜனங்கள்தான்.

டிபன் கடை அன்பருக்கு என் பதில் இதுதான். உங்களுக்கும் முதுமையில் ஏதாவது இருக்க வேண்டும், அதற்கு நான் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் உங்களிடம் இல்லை என்பதால் என்னிடம் இருப்பதைப் பிடுங்குவது உங்கள் வாணலியில் எண்ணெய் ஊற்றாது. தவிர, 1981-ல் எனக்குக் கொடுத்தது குறைந்த சம்பளம். பின்னால் பென்ஷன் உண்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பென்ஷன் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான பாக்கி என்ற கருத்தில்தான் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தேதியைத்தான் நாங்கள் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தத் தீர்ப்பின் நிழலும் இப்போது கொஞ்சம் ஒதுங்குகிறதோ என்ற கவலை எங்களுக்கு. 2025-ம் வருஷத்து நிதிச் சட்டத்தில், பென்ஷனர்களுக்குள் வேறுபாடு காட்டும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். இருக்கும் கொள்கையை உறுதி செய்வதுதான், யாருடைய பென்ஷனும் குறையாது என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நம்புவோம். ஆனால் அதே வருஷம் நவம்பரில் அமைக்கப்பட்ட எட்டாவது சம்பளக் கமிஷனுக்குக் கொடுத்த வரையறையில், ஊழியர் பங்களிப்பு இல்லாத பென்ஷன் திட்டங்களின் நிதி ஒதுக்கப்படாத செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. பழைய பென்ஷன்காரர்களான எங்களைத்தான் அது சொல்கிறது. 'செலவு' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் கமிஷன் தனக்குள்ள 18 மாதத்தில் மறக்காமல் இருக்க வேண்டும்.

சம்பளக் கமிஷன் என்றதும் ஐந்தாவது கமிஷன் ஞாபகம் வருகிறது. அதன் தலைவர் நம் திருநெல்வேலிப் பக்கத்து நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். நம் ஆட்கள் அந்த நாட்களில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். 750 ஆக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2,550 ஆயிற்று. ஆட்களை 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. முதல் பாதியைக் கொண்டாடினோம். இரண்டாவது பாதியை யாரும் படிக்கவில்லை. எண்பதுகளில் என் செக்ஷனில் இருந்த கேங்கில் எத்தனை பேர், கடைசியில் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது பாதி புரிகிறது. வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் ஏறின; தடியைப் பிடிக்கும் கைகள் குறைந்தன.

சம்பளத்தைவிட, இந்தச் சில்லறை விதிகள்தான் வேலை பார்க்கிறவனின் மனசை உடைக்கின்றன. 2020 ஜூலையில் வந்த ஓர் உத்தரவுப்படி அடிப்படைச் சம்பளம் 43,600-ஐத் தாண்டினால் இரவுப் பணிப்படி கிடையாது. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ராத்திரி பகலாகிவிடுமா? போனஸ் இன்னும் வேடிக்கை. குறைந்தபட்சச் சம்பளமே 18,000 ஆகிப் பல வருஷமான பின்பும், போனஸ் கணக்கிட மாதச் சம்பளம் 7,000 என்றே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் 78 நாள் போனஸ் என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டாலும், 2025 தீபாவளிக்கும் கையில் வந்தது அதிகபட்சம் 17,951 ரூபாய். கொரோனா சமயத்தில் நிறுத்திவைத்த 18 மாதப் பஞ்சப்படி நிலுவை வரவே இல்லை. அந்த நாட்களிலும் சரக்கு வண்டி நிற்கவில்லை, பாதையைப் பார்த்தவனும் நிற்கவில்லை.

ரோந்துக்காரன் கையில் ஜி.பி.எஸ். கருவி கொடுத்ததை நான் எதிர்க்கமாட்டேன். இருட்டில் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிவது அவனுக்கே நல்லது. அந்தக் கருவி காட்டுவதை வைத்து அவனுக்கு உதவி அனுப்பியதைவிட விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியதே அதிகம் என்பதுதான் நான் பார்த்தது.

அம்பாஜரிக்காரர்களின் கவலை வேறு தினுசு. 2021 அக்டோபர் 1 அன்று 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாயின. நம் ஊர் ஃபாக்டரி யந்திரா இந்தியாவில் சேர்ந்தது. ஊழியர்கள் டெபுடேஷனில் இருப்பதாகப் பாவிக்கப்பட்டு, அந்தக் காலக்கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. முப்பது வருஷமாக ஒரே கேட்டுக்குள் போய்வருகிறவனை டெபுடேஷன் என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? இதைப் பற்றி அங்கே வேலை பார்த்த அன்பர் யாராவது நம் பத்திரிகையில் எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு அந்த உள்விவரம் போதாது.

எதில் கையெழுத்துப் போடுவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவருவதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முடிவு செய்ய 30 நாள்தான் அவகாசம். கடைநிலை வேலை, 60 வயது வரை இருப்பேன், கட்டிய மனைவி இருக்கிறாள், பங்குச் சந்தை பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்கிறவருக்கு யு.பி.எஸ். நல்லது. பஞ்சப்படியோடு வருகிற மாதப் பணத்துக்கு ஈடாக என்.பி.எஸ்ஸில் ஒன்றும் இல்லை. ஐந்தாறு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்று நினைக்கும் பட்டதாரிக்கு அது வேண்டாம். ராஜினாமா செய்தால் உறுதியான மாதத்தொகை கிடையாது. மனைவியை இழந்தவர், கல்யாணமே வேண்டாம் என்றிருப்பவர், வீட்டில் நிராதரவான பெண்ணோ உடல்நலமில்லாத பிள்ளையோ உள்ளவர், இவர்கள் என்.பி.எஸ்ஸையே யோசிக்கலாம்; அதில் சேர்ந்த பணம் வாரிசுக்காவது போகும். யு.பி.எஸ்ஸுக்குப் போனவர் ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பு வரை ஒரே ஒரு முறை என்.பி.எஸ்ஸுக்குத் திரும்பிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மறுபடி இங்கே வர முடியாது.

சர்க்காரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெண் பிள்ளைகளையும் ஊனமுற்ற பிள்ளைகளையும் குடும்பத் தொகையில் சேருங்கள். விருப்ப ஓய்வு வாங்கிய அன்றே பணத்தைத் தொடங்குங்கள். வயதுச் சலுகையில் வந்தவனுக்கு 25-ஐக் கொஞ்சம் தளர்த்துங்கள். இவற்றைச் செய்துவிட்டு ஆப்ஷனை இன்னொரு முறை திறந்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். படிவத்தை இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் அனுப்பாமல், கேங் ஹட்டில் ஓர் ஆள் போய் உட்கார்ந்து விளக்கட்டும். ஒரு புது டேம்பிங் மெஷின் வந்தால் அதற்கு மூன்று நாள் வகுப்பு எடுக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கான முடிவுக்கு ஒரு சர்க்குலர் போதும் என்று நினைக்கிறார்கள்.

அதுவரை, நம்மால் ஆனதை நாம் செய்யலாம் என்று சங்கச் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க வாசகசாலையில் இருப்பேன். ஏ.ஜி. ஆபீஸில் ஓய்வு பெற்ற அன்பர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கு விஷயத்தில் அவர் என்னைவிடக் கெட்டி. வருகிறவர்கள் சம்பளச் சீட்டு, நாமினேஷன் நகல், வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவு மூன்றையும் கொண்டு வாருங்கள். கல்யாணமானவர்கள் மனைவியையும் அழைத்து வந்தால் நல்லது. பணம் வரப்போவது அவர்கள் கைக்குத்தான்.